ஒளித்து வைத்த வேட்டி

ராசு மாமா, பிறக்கப் போகிற நம் பிள்ளைக்குத் துணி வாங்க இன்றைக்குத் திருச்செங்கோடு போயிருந்தேன்.

கடைக்கார அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"புதுத்துணி பச்சப்புள்ள ஒடம்புல குத்தும் சாமி. ஊட்டுக்காரரு பழைய வேட்டி இருக்குமில்ல, நல்லாத் தொவச்சுக் கிழிச்சு வெச்சுக்க."

"சரிங்கக்கா" என்றேன். போர்வெல் போடும் ரிக் லாரி கவிழ்ந்து நீங்கள் போய்விட்டதைச் சொல்ல வாய் வரவில்லை.

உங்கள் துணிமணியைக் காரியத்தன்றே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வேட்டியை மட்டும் ஒளித்து வைத்திருக்கிறேன். கடைசியாக லாரி ஏறும் முன் நீங்கள் அவிழ்த்துப் போட்டது. இன்னும் உங்கள் வேர்வை வாசம் இருக்கிறது.

நீங்கள் இருந்திருந்தால், "என்ர வேட்டிதான் கெடைச்சுதா?" என்று சத்தம் போட்டிருப்பீர்கள்.

துவைத்தால் பிள்ளை அப்பன் துணியில் படுக்கும். வாசம் போய்விடும்.

வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நனைக்கட்டுங்களா மாமா?