இரண்டு இழுப்பு

இது நடந்தது. ராத்திரியில் இல்லை, போதையிலும் இல்லை. 2006 மே மாதம், கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, மூடிப்போன ஓர் ஆலையின் பின்புறம், உச்சி வெயிலில். பார்த்தவர்கள் இரண்டு பேர். இருவரும் இன்று வரை ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்.

ஆலைக்காரர்கள் நிலக்கரிக் கழிவை மேடாகக் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் அதன் சாறு மண்ணில் இறங்கியது. ஊரில் போட்டிருந்த போர்க்குழாய்களில் தண்ணீர் துருநிறமாக வந்தது. மிச்சம் இருந்தது கீழத்தெருக் கிணறு ஒன்றுதான். அதைக் காப்பாற்றக் கழிவுமேட்டை ஒட்டி ஒரு போர் போட்டு, கெட்ட நீரை இரவும் பகலும் உறிஞ்சி, அதைச் சுத்தமாக்கும் சுண்ணாம்புத் தொட்டிக்கு ஏற்றினார்கள். போருக்குள் இறக்கியிருந்த மோட்டார் நின்றால் கெட்ட நீர் கிணற்றை நோக்கி நகரும்.

அன்று காலை நின்றுவிட்டது.

மோட்டாரை மேலே எடுக்க மெக்கானிக் குப்புராஜ் வந்தார். அவர் வீடு கீழத்தெருவில். மகள் இளமதி பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பெற்று நாலு நாள் ஆகியிருந்தது. குடிப்பது அந்தக் கிணற்று நீர்.

மோட்டாரைத் தாங்கிய குழாய் பாதியிலேயே கழன்று வந்தது. அதன்பின் மோட்டார் நீல நைலான் கயிற்றில்தான் தொங்கியது. குப்புராஜும் உதவிக்கு வந்த பார்த்திபனும் கயிற்றைக் கப்பியில் போட்டு இழுத்தார்கள்.

"மெள்ள இழுடா. தேரா இழுக்கிற?"

"நீ மூச்சு வாங்கிக்கினு என்னச் சொல்றியா மாமா?"

பன்னிரண்டரை மணி. கயிறு நின்றது.

எங்கோ சிக்கல் என்று நினைத்தார்கள். பிறகு அது அசைந்தது. கீழிருந்து. இரண்டு இழுப்பு.

குப்புராஜ் முன்பு கிணறுகளில் தூர்வாரியவர். உள்ளே இறங்கியவன் இரண்டு முறை இழுத்தால், 'என்னைத் தூக்கு' என்று அர்த்தம். ஆனால் இது ஆறரை அங்குலத் துளை. பூனைகூட இறங்காது.

"நீயா இழுத்த?"

"இல்ல மாமா. நீன்னு நெனச்சேன்."

மறுபடியும். இரண்டு.

"உட்டுட்லாம் மாமா."

"உட்டா, வேற மோட்டார் வர ஒரு வாரம் ஆவும். அதுக்குள்ள கெணறு பூடும். இழு."

இழுத்தார்கள். கனம் கூடிக்கொண்டே வந்தது... ஓர் ஆள் கனம்.

குப்புராஜ் துளையில் காதை வைத்தார். தண்ணீர்ச் சத்தம் இல்லை. மூச்சு... வாயில் மண் அடைத்தவன் விடும் மூச்சு.

சர்ரென்று கயிறு கீழே ஓடியது. துளை வாயில் கயிற்றைப் பிடிக்கக் குனிந்திருந்த பார்த்திபன் அதை மணிக்கட்டில் சுற்றியிருந்தான். துளைக்குள் முழங்கை வரை போய்விட்டான்.

"மாமா... என் கையப் புடிச்சிக்கினு இருக்கு..."

கத்தியை எடுத்தார். இளமதியை நினைத்தார்.

பார்த்திபன் கை விடுபட, கயிற்றைத் துளைக்குள்ளேயே அறுத்தார்.

மோட்டார் விழும் சத்தத்துக்குக் காத்திருந்தார்கள்.

வரவில்லை.

ஆறாம் நாள் கீழத்தெருக் கிணற்றில் துருநிறம் தெரிந்தது. மூன்றாம் மாதம் போக வேண்டிய இளமதி, பச்சைப் பிள்ளையோடு அன்றே செவ்வாப்பேட்டை மாமியார் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த ஆண்டு கழிவுமேட்டை அகற்றினார்கள். போரிலிருந்து நாற்பது அடி தள்ளி, மேட்டின் அடியில் ஒரு பழைய கிணறு இருந்தது. உள்ளே ஓர் எலும்புக்கூடு. பக்கத்தில் தூர்வாரும் கூடை. செத்து இருபது வருடமாவது இருக்கும் என்றார் மருத்துவர்.

இடுப்பில் கயிறு கட்டியிருந்தது. நீல நைலான். புதுசு.

அதன் முனை கத்தியால் அறுபட்டிருந்தது.