பின்னாலிருந்து வராத ஹெலிகாப்டர்

எங்கள் வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வரப்போகிற செய்தியை நான் முதலில் சொன்னது, வகுப்பில் எனக்கு ஆகாத பிள்ளைகளிடம்தான். "படத்துல ஹெலிகாப்டர் வந்தா எங்க வீட்ல முதுகுக்குப் பின்னாடி சத்தம் கேக்கும். தலைக்கு மேல போயி டிவிக்குள்ள எறங்கும்" என்று அளந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்று அழைப்பும் வைத்தாயிற்று. ஏழாம் வகுப்பில் ஒருத்திக்கு அதைவிடப் பெரிய அந்தஸ்து என்ன வேண்டும்?

அந்த ஹெலிகாப்டரை என் தலைக்குள் பறக்கவிட்டவர் அப்பா. கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரிக்கு பஸ் ஓட்டினார். அவர் பஸ்ஸில் பாட்டு அதிரும் என்பதற்காகவே பையன்கள் மற்ற பஸ்ஸை விட்டுவிட்டு அதில் வந்து தொங்குவார்கள். வீட்டிலும் அப்படி அதிரவேண்டும் என்பது அவருடைய ஆசை. ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்த்த அம்மா, அந்த வருஷத் தீபாவளி போனஸை அப்படியே அவர் கையில் கொடுத்து, "இதுக்குள்ள முடிங்க. இதுக்கு மேல பைசா பேராது" என்று சொல்லிவிட்டாள்.

அம்மாவும் சத்தத்துக்குச் சளைத்தவள் இல்லை. டிவி முன்னால் உட்கார்ந்ததும், "செத்த கூட்டி வையி தாயி" என்பாள். கூட்டுவேன். "இன்னுங் கொஞ்சம்" என்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் டிவியைப் போடாமலே சீரியல் கேட்டு முடித்துவிடுவார்கள். மில்லில் மிஷின் ஓடும்போது பேச்சு எடுபடாது, பெண்களெல்லாம் வாயசைவைப் பார்த்தே ஊர்க்கதை பேசுவார்களாம். தெருமுனையில் ரெண்டு பேர் கிசுகிசுத்தால்கூட அம்மா வாசலில் நின்றபடி இன்னதென்று சொல்லிவிடுவாள். அடேயப்பா, அம்மாவுக்கு என்ன வித்தை தெரிந்திருக்கிறது என்று நான் வாய்பிளந்து நிற்பேன்.

சனிக்கிழமை மூன்று பேரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினோம். அங்கே ஒரு கடையில் போட்டுக் காட்டி, நாம் கேட்டுப் பார்த்த பிறகு விற்பார்கள் என்று அப்பா விசாரித்து வைத்திருந்தார்.

கடைக்காரர் ஆளைப் பார்த்ததுமே பட்ஜெட்டைக் கண்டுபிடித்துவிட்டார். "அண்ணாச்சி, இந்த செட்ட எடுங்க. அஞ்சு ஸ்பீக்கர், ஒரு ஊஃபர். அடிச்சா செவுரு ஆடும்." இருட்டறைக்குள் எங்களை உட்காரவைத்து ஒரு சண்டைப் படத்தைப் போட்டார். என் ஹெலிகாப்டர் வந்தது! நிஜமாகவே முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது! நான் எழுந்து நின்று கைதட்டினேன். அப்பாவின் கால் தாளம் போட்டது.

அடுத்து ஒரு கல்யாண வீட்டுக் காமெடி. அம்மாவும் எங்களோடு விழுந்து விழுந்து சிரித்தாள். அதில் ஒருவன் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் என்னவோ சொன்னான். எல்லோரும் சிரித்தோம். அம்மா என் தோளைத் தட்டி, "என்னட்டி சொன்னான்?" என்றாள்.

"மாப்பிள்ளை வரலையாம், குதிரை மட்டும் வந்திருக்காம்" என்றேன். பிறகுதான் அவள் சிரித்தாள்.

அப்பாவின் கால் நின்றுவிட்டது. "பேச்சு எந்த ஸ்பீக்கர்ல வருது?" என்று கடைக்காரரிடம் கேட்டார்.

"டிவிக்கு அடியில இருக்குல்ல, அந்த சென்டர்ல. மத்ததெல்லாம் பாட்டு, இடி, மழைக்குத்தான்."

"அதுல பெருசா ஒண்ணு போடுங்க."

அந்த செட்டில் மாற்ற முடியாதாம். சத்தத்தைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்புகிற ரிசீவரைத் தனியாக வாங்கி, ஸ்பீக்கர்களையும் தனித்தனியாகத்தான் வாங்கவேண்டுமாம். "நம்ம பட்ஜெட்டுக்கு ரிசீவரும் முன்னாடி மூணும்தான் தேறும். பின்னாடி ரெண்டையும் ஊஃபரையும் பொறவு சேத்துக்கிடலாம்" என்றார். சொல்லிக்கொண்டே ஒரு பெரிய சென்டர் ஸ்பீக்கரை மாட்டி, படத்தை விட்ட இடத்திலிருந்து ஓட்டினார். முதுகைக் காட்டியவன் மறுபடி எதையோ உளறினான். அம்மா யாரையும் கேட்காமல் கெக்கெக்கே என்று சிரித்தாள். அப்பா படத்தைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையே கட்டுங்க" என்றார்.

"அப்பா! ஹெலிகாப்டர்?" என்று அலறிவிட்டேன். "நாளைக்கு எல்லாரும் வாராளுக!"

அம்மாகூட எனக்காகப் பேசினாள். "பிள்ளை எம்புட்டு ஆசையா இருக்கா. அந்த செட்டையே எடுங்க. எனக்கு எதுனாலும் சரிதான்."

"இல்ல, இதுதான்" என்றார் அப்பா. நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டு அவர் மறுத்தது அதுதான் முதல் தடவை. ராஜபாளையம் வந்து சேருகிறவரை நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். பெற்ற தகப்பனே இப்படிக் கவிழ்த்துவிட்டாரே!

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகள் ஒருத்தி பாக்கியில்லாமல் வந்தார்கள். வந்ததும் சுவர்களைச் சுற்றிப் பார்த்தார்கள். "எங்கட்டி ஒன் ஹெலிகாப்டரு?" என்றாள் ஒருத்தி. "பெட்ரோல் போடப் போயிருக்கும்" என்றாள் இன்னொருத்தி. என் மானம் கப்பலேறியது. நல்லவேளை, அப்பா ஒரு காமெடிப் படத்தைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நானும் கோபத்தை மறந்து சிரித்தேன்.

அடுப்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று வடை சுட்டுக்கொண்டிருந்த அம்மாவும் சிரித்தாள். பிறகு அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "என்னங்க, சத்தத்தைச் செத்த கொறைங்க. காதடைக்கிது."

அப்பா துள்ளி எழுந்தார். ரிமோட்டை எடுத்துக் குறைத்தார். குறைத்துவிட்டு அப்படியே நின்றார்.

மில் இரைச்சலில் அம்மாவின் காது கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வந்ததும், தெரிந்தால் வேலை போய்விடுமென்று அவள் அதை அப்பாவிடம்கூட மறைத்துவந்ததும் நான் வளர்ந்த பிறகே எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் கண்டதெல்லாம், சத்தமே உயிராக இருந்த மனுஷர், சத்தத்தைக் குறைக்கச் சொன்னதற்காக இத்தனை பேர் முன்னால் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்ததுதான். என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "உக்காருங்கப்பா, எல்லாரும் பாக்காக" என்றேன்.