லட்சுமிநாராயணன் கடைசியாகச் சிரித்தது எப்போது?

"பல்லைக் காட்டுங்க" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டு, "ஐயா, ஈன்னு காட்டுங்க, இப்படி" என்று நானே இளித்துக் காட்டினேன். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் காலங்காத்தாலே இளித்துக்கொண்டு நிற்கிற பிழைப்பு என்னுடையது. அவரும் போனால் போகிறதென்று உதட்டை விலக்கினார். இடது பக்கம் கன்னம் மடிந்தது. வலது பக்கம் பாதியிலேயே நின்றுவிட்டது. வலது பக்கம் வரவில்லையா, அல்லது இந்த மனிதருக்குச் சிரிப்பே அவ்வளவுதானா? எனக்குப் பிடிபடவில்லை.

பெயர் லட்சுமிநாராயணன். பீளமேட்டுக்காரர். நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் வெளியே நடந்துவிட்டு வந்து இட்லி சாப்பிட உட்கார்ந்தவரின் வலது கையிலிருந்து காபி டம்ளர் நழுவி விழுந்திருக்கிறது. எடுக்கப் போனால் விரல் பிடிக்கவில்லை. மனைவி கோமளாம்மா உடனே ஆட்டோவில் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டார். மகராசி! எத்தனை பேர் தைலம் தேய்த்துப் படுக்கவைத்துவிட்டு, சாயங்காலம் வந்து நம் உயிரை வாங்குகிறார்கள்.

தலையைத் தடவிப் பார்த்தேன், அடிபட்ட வீக்கம் எதுவும் இல்லை. கண்ணில் டார்ச் அடித்தேன், இரண்டு பாப்பாவும் ஒன்றுபோலச் சுருங்கின. கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன், இறுக்கம் இல்லை. அதுவரைக்கும் சரி. மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு, "கண்ணை இறுக்கி மூடுங்க" என்றேன். வாயைத் திறந்தார். "நாக்கை நீட்டுங்க" என்றேன். கையை நீட்டினார். "உங்க பேரென்னங்க?" என்றேன். "ம்" என்றார்.

யா அல்லா என்றிருந்தது எனக்கு. சொல்வது புரியவில்லை என்றால் மூளையில் பேச்சுக்கான இடமே அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் சைகையில் காட்டினால் மட்டும் தப்பில்லாமல் செய்கிறார். இது என்ன கணக்கு?

டூட்டி டாக்டர் பிரீத்திகா ஸ்கேன் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். "சாஜிதாக்கா, ரத்தக் கசிவு இல்ல, அடைப்புத்தான். எப்ப ஆரம்பிச்சதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க, ஊசி போட்டுறலாம்."

அடைப்பைக் கரைக்கிற ஊசி அது. ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டால் கை திரும்பும், பேச்சு திரும்பும். நேரம் தாண்டிப் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசிந்து ஆளையே கொண்டுபோய்விடலாம். டம்ளர் விழுந்தது காலையில்தான். ஆனால் வாய் கோணியது எப்போது? ராத்திரி தூக்கத்திலேயே கோணியிருந்தால் ஊசி கிடையாது. அவர் வலது கை ஆயுசுக்கும் அப்படியே கிடக்க வேண்டியதுதான்.

கோமளாம்மாவிடம் ஓடினேன். "ஏம்மா, காலைல எந்திரிச்சப்ப அவரு மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

கோமளாம்மா பேசினால் அவர் வாய்க்கருகே நம் காதைக் கொண்டுபோக வேண்டும். அப்படியொரு குரல். "எப்பவும் போலத்தானுங்க."

"எப்பவும் போலன்னா? வாய் நேரா இருந்துச்சுங்களா?"

"மூடியிருந்துச்சுங்க."

"சிரிச்சாருங்களா? பேசினாருங்களா?"

"என்ற ஊட்டுக்காரருங்களா?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவரு சிரிக்க மாட்டாருங்க. பேசவும் மாட்டாருங்க. நாம் என்ன சொன்னாலும் 'ம்'முன்னு ஒரு வார்த்தை. அம்புட்டுத்தானுங்க."

"சரி, கடைசியா எப்பத்தான் சிரிச்சாரு?"

சுவர்க் கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, அந்த அம்மா யோசித்தார், யோசித்தார், யோசித்துக்கொண்டே இருந்தார். "பொண்ணு கல்யாணத்துலீங்க..." என்று ஆரம்பித்து, "இல்லீங்க, அப்பவும் போட்டோக்காரர் சிரிங்க சிரிங்கன்னு கெஞ்சிப் பாத்துப்போட்டு உட்டுட்டாருங்க" என்று முடித்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரே வீட்டில் இத்தனை வருடம் குடும்பம் நடத்திவிட்டு, புருஷன் வாய் நேரா கோணலா என்று தெரியாதா? அப்புறம் அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்தேன். தெரியவில்லையே என்று அவரும் தவித்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்த நேரத்தில் கட்டில் தலைமாட்டில் கழற்றி வைத்திருந்த லட்சுமிநாராயணனின் சட்டைப் பையில் செல்போன் அடித்தது. திரையில் 'யூனுஸ் பாய் பேக்கரி' என்றிருந்தது. எடுத்தேன்.

"அண்ணோவ்! கண்ணாடிய இங்கயே உட்டுப்போட்டுப் போய்ட்டீங்களே!"

ஸ்பீக்கரே தேவையில்லை. அந்தச் சத்தத்துக்கு நானே போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். அதுவரை சுவரைப் பார்த்துக் கிடந்த லட்சுமிநாராயணன், போன் இருந்த பக்கம் சட்டென்று தலையைத் திருப்பினார். "கண்ணாடி" என்றார். கொஞ்சம் குழறலாக வந்தது, ஆனால் தெளிவாகப் புரிந்தது.

எனக்கு மண்டையில் ஒரு பொறி தட்டியது. ஆனால் முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "பாய், நான் ஆஸ்பத்திரியிலேருந்து சிஸ்டர் பேசறேன். உங்க அண்ணன் இன்னிக்கு அங்க வந்தாருங்களா? சிரிச்சாருங்களா?"

"என்ன அம்மணி கேள்வி இது? அவரு சிரிக்காத நாளு எது?" பாயின் குரல் இறங்கியது. "ஏனுங்க, அண்ணனுக்கு என்னாச்சுங்க?"

"சொல்றேன். வாய் நேரா இருந்துச்சா, கோணியிருந்துச்சா?"

"நேராத்தானுங்க. எதுத்தாப்புலதான உக்காந்திருந்தேன். பன்னுல இருந்த பட்டர் மீசையில ஒட்டிப்போச்சு, நான் ஒண்ணு சொன்னேன், கெக்கேன்னு சிரிச்சு டீயச் சிந்திப்போட்டாரு. ஏழரை மணி இருக்குமுங்க. அப்பத்தான் கடைக்குப் பால் வண்டி வந்துச்சு."

டாக்டர் பிரீத்திகா போனை வாங்கி மறுபடி ஒருமுறை கேட்டுக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்தார். பத்துகூட ஆகவில்லை. "போட்டுறலாம்க்கா" என்றார்.

ஊசி ஏறிக்கொண்டிருந்தபோது கோமளாம்மா என் கையைப் பிடித்தார். புருஷன் பிழைப்பாரா என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"கெக்கேன்னா சிரிச்சாராமுங்க?" என்றார்.

பேக்கரிக்காரருக்குத் தினமும் கிடைக்கிறது, இந்த அம்மாவுக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை. "மொதல்ல அவரு எந்திரிக்கட்டும்மா, அப்புறம் சண்டை போட்டுக்கலாம்" என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் அவர் வலது கை என் விரலை நன்றாகவே இறுக்கியது. ஆனால் வாய் விஷயத்தில் எனக்கு இன்னும் சந்தேகம்தான். பல்லைக் காட்டுங்கள் என்றால் ஏதோ பல் டாக்டரிடம் காட்டுவதுபோல் கால்வாசி காட்டுகிறார். அதில் நேர் எது, கோணல் எது என்று எதை வைத்துச் சொல்வது?

தலைமாட்டுப் பக்கம் போய், அவருக்குத் தெரியாமல் பின்னால் நின்று, "லட்சுமிநாராயணன்" என்று மெல்லக் கூப்பிட்டேன். அசையவில்லை. சாதாரணமாகக் கூப்பிட்டேன். அசையவில்லை. காதுக்குள் குனிந்து கத்தினேன். "ம்? சொல்லுங்க" என்று திரும்பினார்.

"ஏம்மா கோமளாம்மா, இவருக்குக் காது கேக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"கேக்குமுங்களே. நான் பேசுனா 'ம்' கொட்டுவாரே."

"நீங்க வாயசைக்கறதைப் பாத்து 'ம்' கொட்டறாரும்மா. நேத்து நான் மாஸ்க்கை ஏத்துனதும் அதுவும் போச்சு. ஆயுசு பூரா மெஷின் சத்தத்துல நின்னவரு. யூனுஸ் பாய் ஊரு கேக்கக் கத்தறாரு, அதனால அது கேக்குது. நீங்க பேசறது பக்கத்துல நிக்கற எனக்கே கேக்கல."

அந்த அம்மா புருஷனைத் திரும்பிப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. "அப்ப நான் இத்தன வருசம் பேசுனதெல்லாம் சொவத்துக்கிட்டயா பேசுனேனுங்க? அக்கம்பக்கத்துக் கத, பொண்ணு ஊட்டுக் கத, எத்தன சிரிப்பு சொல்லியிருப்பேன். ஒண்ணுக்கும் மூஞ்சி அசையலேன்னு, என்னயப் புடிக்கலயோன்னு..." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பச் சொல்லுங்க. கத்திச் சொல்லுங்க. அவரு வாயை நான் பாக்கணும்."

"வார்டுல எல்லாரும் இருக்காங்களே."

"இருக்கட்டுமே! எனக்கு அந்த மூஞ்சி நேரா இருக்கான்னு தெரிஞ்சாகணும்."

கோமளாம்மா சுற்றிலும் பார்த்தார். பிறகு புருஷன் காதருகே குனிந்து, மூச்சை இழுத்து, அவர்கள் வீட்டில் பேசுகிற தெலுங்கில் ஒரே கத்தாகக் கத்தினார். அந்தக் குரல் அந்த உடம்பில் எங்கே இருந்ததோ! மருந்து எடுத்துப் போன பெண் நின்றுவிட்டாள். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் பக்கத்துக் கட்டில் லட்சுமணசாமிக்குத் தெலுங்கு தெரியும் போலிருக்கிறது. வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வெக்காதீங்கம்மா" என்று கெஞ்சினார்.

நான் லட்சுமிநாராயணனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கண் விரிந்தது. மனைவியை யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மீசை ஏறியது, இரண்டு கன்னமும் ஒன்றாக மடிந்தன, மேல்வரிசைப் பல் முழுதும் தெரிந்தது. கெக்கே என்றுதான் சிரித்தார், பாய் சொன்னது சரி.

"என்னம்மா சொன்னீங்க?" என்றேன்.

"அது சிஸ்டர்கிட்டச் சொல்றதுக்கில்லீங்க" என்றார், பழையபடி காதில் விழாத குரலில். சிரிக்கிற அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே என் கையை இழுத்தார்.

"நீங்களே நல்லாப் பாத்துச் சொல்லுங்க, நேராத்தான் இருக்குதுங்களா? பாத்து ரொம்ப வருசமாச்சுங்க, எனக்கு அடையாளம் தெரியல."