கடல் பலகைக்கு ஒரு நடுச்சட்டம்

"கதவுக்கா, ஜன்னலுக்கா?" என்று கேட்டார் மரவாடி பக்கிரி.

"ரெண்டுக்கும் இல்லைங்க. கடல் பலகைக்கு. அலை மேல ஏறி நிப்பாங்களே, அது," என்றான் செந்தமிழன்.

பக்கிரி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். "மணிமுத்தாத்துல முழங்கால் தண்ணி கெடையாது தம்பி. இத வச்சிக்கிட்டு எதுல மெதக்கப் போற?"

"பாண்டியில மெதக்குறேன். ஆறடி நீளம், விரல் கனம், ஒரு சட்டம் போதும்."

"அப்ப தேக்கு எடுத்துக்க. உன் பேரன் காலம் வரைக்கும் ஒழைக்கும்."

"அவ்ளோ நாளு வேணாம்ணே. லேசா இருந்தா போதும்."

பக்கிரி சிரித்தார். செந்தமிழனும் சிரித்தான். அவன் சிரிப்பு பாதியிலேயே இருமலாகி, அடுக்கியிருந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். பக்கிரியின் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் நின்ற தங்கை தென்றலிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "செராமிக்ல வேலயாம்மா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்றைக்கு அவர்கள் ஒன்றும் வாங்கவில்லை. தேக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். சவுக்கு அதைவிடக் கனம். அலுமினியப் பட்டை வளைந்தால் வளைந்தபடியே நின்றது. "அலை மடக்கும்போது வளையணும், அலை போனதும் நிமிரணும் பாப்பா. இல்லன்னா பலகை நடுவுல ரெண்டா போயிடும்," என்றான் திரும்பும் வழியில்.

பாண்டிச்சேரியில் இரண்டு வருஷம் அடுத்தவர்களின் உடைந்த பலகைகளை ஒட்டிக்கொடுக்கும் கடையில் இருந்தவன் அவன். ஒட்டிய பலகை ஒன்றின் மேல் ஒரே ஒரு முறை ஏறி நின்றிருக்கிறான், கண்ணை மூடித் திறக்கும் நேரம். அப்பா இறந்ததும் ஊருக்கு வந்தான். பொம்மையும் ஜாடியும் செய்கிற ஒரு சிறிய பட்டறையில் சேர்ந்தான். காய்ந்த மண்ணைத் தேய்ப்பதும், சூட்டில் கண்ணாடி மாதிரி மினுங்கும் கிளேஸ் பூச்சில் முக்குவதும் வேலை. அந்தத் தூசி உள்ளே போய் நுரையீரலில் தங்கிவிட்டது என்றார் டாக்டர். தங்கினது வெளியே வராது என்பதையும் சொன்னார்.

அதன் பிறகுதான் அவன் பலகை செய்யத் தெர்மோகோல் வாங்கினான். மூச்சு இருக்கும்போதே, தன் கையால் செய்த பலகையில் ஒரு அலை மேலே நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் அவன் எதையும் கேட்கவில்லை.

சட்டம் கடைசியில் பட்டறையிலிருந்தே கிடைத்தது. ஜாடிகளைக் காயவைக்க அடுக்கும் பழைய பலகை. வருஷக்கணக்காகச் சூளைப் பக்கத்திலேயே கிடந்து, அப்பளம் மாதிரி லேசாகியிருந்தது. தென்றல் ஆங்கிலத்தில் படித்துப் பார்த்து, வெளிநாட்டில் பால்சா என்றொரு மரம் போடுகிறார்கள் என்றாள். "அது அவங்க ஊரு மரம். இது நம்ம சூளை சுட்ட மரம்," என்றான் அண்ணன் பெருமையாக. அதை மெல்லிய சட்டமாக அறுத்து, தெர்மோகோலின் இரண்டு பாதிகளுக்கு நடுவே நிறுத்தி ஒட்டி, மேலே கண்ணாடி நூல் துணி சுற்றி, தண்ணீர் புகாமல் இறுகும் ரெசின் பசையைப் பூசினான். ஈரம் காயுமுன் பலகையின் வால் முனையைத் துணியால் சுத்தமாகத் துடைத்து, சுவரில் சாய்த்து நிறுத்தினான்.

நல்லூர்ப் பக்கத்து ஏரியில் அதை மிதக்கவிட்ட அன்று, குப்புறப் படுத்துக் கையால் தள்ளிக்கொண்டே போனான். கரையில் நின்ற அம்மா ஆதிலட்சுமி, "எரும கூட இப்படித்தான் போவுது, அதுக்கு ஒரு பலகையா?" என்றாள். அன்றைக்கு மாலைவரை அவன் இருமவே இல்லை.

மறுநாள் வால் பக்கம் உப்பி, ஒட்டு விரிந்திருந்தது. காய்ந்து கிடந்த மரம் தண்ணீரை உறிஞ்சிக் குடித்திருந்தது. எந்த வழியாக என்று செந்தமிழன் தடவித் தேடினான். வால் முனையில் விரல் நின்றது. அங்கே ரெசின் இல்லை, வெறும் மரம்.

"பாப்பா," என்றான், "அடியத் தொடைச்சிட்டேன்."

சூளையில் தட்டோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று ஒவ்வொரு ஜாடியின் அடியிலும் கிளேஸைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வைப்பார்கள். ஆயிரக்கணக்கான ஜாடிகளுக்குத் துடைத்த கை, கேட்காமலே பலகைக்கும் துடைத்துவிட்டது. அவன் சிரிக்க முயன்றான். பிறகு கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுபடி ஆரம்பிக்கும்போது கட்டிலிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் ஒரு தடவை உட்கார வேண்டியிருந்தது. சேத்தியாத்தோப்புச் சந்தையிலிருந்து பிளந்த மூங்கில் பட்டைகளை வாங்கிவந்தவள் தென்றல். ஒவ்வொன்றையும் அவன் பக்கம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"நீயே தூக்கிப் பாரு. தோள் மேல வையி. வலிக்குதா?"

"இது வலிக்கல."

"அப்ப அதுதான்."

முன்பெல்லாம் எடையைத் தன் கையில் பார்த்தவன், இப்போது தங்கையின் தோளில் பார்க்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு பட்டைகளைச் சேர்த்து ஒட்டியதும், ரெசின் பூசியதும் அவள்தான். அவன் கட்டிலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். வால் முனைக்கு வந்ததும் அவன் வாய் திறக்குமுன்பே இரண்டு தரம் பூசினாள்.

ஐப்பசியில் பலகை முடிந்தது. அப்போது மழை, கடல் கொந்தளிப்பு. பொங்கல் கழிந்து போகலாம் என்றிருந்தார்கள். மார்கழியில் ஒரு காலை, டீ ஆறுவதற்குள் அவன் போய்விட்டான்.

பலகை இன்னும் அறையின் மூலையில் நிற்கிறது. அதன் மேல் துணி போட அம்மா யாரையும் விடுவதில்லை. தென்றல் பெருக்கும்போது அதை ஒரு கையால் நகர்த்திவிட்டு, மறுபடி அதே இடத்தில் வைப்பாள். ஒரு கையே போதும். அவ்வளவு லேசு.

மூங்கிலைத் தேர்ந்தெடுத்த அன்று அவன் அவளிடம் ஒன்று கேட்டிருந்தான்.

"வண்டியில இருந்து மணல் வரைக்கும் நீ தூக்கிட்டு வா பாப்பா. தண்ணி கால்ல பட்டதும் என் கையில குடுத்துட்டு, அந்தாண்ட திரும்பி நின்னுக்க. நான் எழுந்து நின்னா மட்டும் கூப்புடுறேன். அப்ப பாரு."