எண்பத்து மூன்று டிகிரியில் கொதித்த தண்ணீர்

2018 அக்டோபர் 18 வரை டோப்ரிலா பெஷிச் பேசுவதை ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் கேட்டதில்லை. வயது நாற்பத்தாறு. செர்பியாவின் தெற்கே ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் ரசாயன நிபுணர். அங்கே யாரும் யார் பேச்சையும் கேட்பதில்லை, இயந்திரச் சத்தம்.

அந்த ஆண்டு அவர் படித்த பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் சங்கம் ஒரு வேண்டுகோள் விடுத்தது. அறிவியல் படித்தவர்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் மாதம் இரண்டு வகுப்பு எடுக்க வேண்டும், சம்பளம் கிடையாது. கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். பெயர் கொடுத்தவர்கள் எட்டுப் பேர். டோப்ரிலா கொடுத்ததற்குக் காரணம், வியாழன் மதியத்துக்கு மேல் அவருக்கு வேலை இல்லை.

கிடைத்தது பெலி ப்ரோட் கிராமப் பள்ளி. அங்கே ஆய்வகம் இருந்தது, வேதியியல் ஆசிரியர் இல்லை. தலைமையாசிரியை வுகோசவா வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"நீங்க வந்தது சந்தோஷம்மா. ஆனா இந்த ரூம டேபிள் டென்னிஸ் கிளப் கேக்குது. அடுத்த மாசக் கடைசில பள்ளிக் குழு ஓட்டெடுப்பு. கிளப் தலைவர் லியூபிஷாதான் குழுவுக்கும் தலைவர். அதுக்குள்ள இங்க ஏதோ நடக்குதுன்னு காட்டுங்க."

டோப்ரிலா எட்டாம் வகுப்பிடம் சொன்னார்: அடுத்த முறை ஆளுக்கொரு பாட்டில் கிணற்றுத் தண்ணீர் கொண்டு வாருங்கள். அடுப்பில் வைப்போம். நூறு டிகிரியைத் தொட்டதும் சூடு ஏறாமல் நிற்பதைப் பார்ப்போம்.

பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். எல்லாம் மினரல் வாட்டர் பாட்டில்கள். அந்த ஊரில் காலி பாட்டிலை யாரும் எறிவதில்லை. பாதி பாட்டில்களில் தண்ணீர் இருக்கும், மீதியில் வீட்டிலேயே பிளம் பழத்தில் காய்ச்சிய ராக்கியா என்ற சாராயம் இருக்கும். எதில் எது என்பது பாட்டில் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. லியூபிஷாவின் மகள் அஞ்ஜெலியா ஜன்னலோரம் நின்ற தண்ணீரைத் தவறிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, அங்கே நின்றதை எடுத்து வந்திருந்தாள்.

"டீச்சர், எங்க வீட்டுத் தண்ணி அவசரப்படுது."

"எவ்வளவு?"

"எண்பத்து மூணு. அதுக்குள்ள கொதிக்குது."

டோப்ரிலா வெப்பமானியை மாற்றிப் பார்த்தார். எண்பத்து மூன்றுதான். இரண்டு மானியையும் சந்தேகப்பட்டவருக்கு மூக்கு உதவவில்லை. அதைப் பெயிண்ட் என்றைக்கோ எடுத்துக்கொண்டுவிட்டது. பிள்ளைகளுக்கோ அது வீட்டு வாசம். நடைபாதையில் போன வுகோசவாதான் நின்றார்.

"யாரு இங்க சரக்கு காய்ச்சறது?"

அடுப்பை அணைத்து ஜன்னல்களைத் திறந்துகொண்டிருந்தபோது லியூபிஷா மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"டீச்சரம்மா, இன்னிக்கி என் சம்பந்திக்குக் கெணத்துத் தண்ணிய ஊத்திக் குடுத்திருக்கேன். அவரு ஒரே மடக்குல குடிச்சிட்டு, 'வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா'ன்னு கேக்கறாரு."

"மன்னிச்சிடுங்க. மிச்சம் முக்கால் பாட்டில் இருக்கு."

அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோபம் கொஞ்சம் இறங்கியது.

"இது எவ்வளவு ஸ்ட்ராங்குன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"முடியும். அலமாரியில ஆல்கஹால் மானி இருக்கு."

"அம்பது சதவீதம்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். போட்டுப் பாருங்க, பிள்ளைங்களும் பாக்கட்டும்." பிறகு, ஞாபகம் வந்தவர்போல, "ரூம் விஷயமும் என் கையிலதான் இருக்கு" என்றார்.

உயரமான குவளையில் ஊற்றி மானியை இறக்கினார்கள். அது ஆடி நின்றது. வகுப்பு முழுதும் குனிந்தது. வுகோசவா கதவருகே நின்று ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

"நாற்பத்தொன்று," என்றார் டோப்ரிலா.

"சரியாப் பாருங்க."

"அஞ்ஜெலியா, நீ படி."

"நாப்பத்தொண்ணுதாம்ப்பா."

லியூபிஷா மேஜையில் கிடந்த மூடியைக்கூட எடுக்காமல் பாட்டிலோடு போனார்.

"அம்பதுன்னு சொல்லியிருந்தா என்னம்மா கொறைஞ்சிருக்கும்?" என்றார் வுகோசவா.

"ஒன்பது."

அடுத்த வகுப்பன்று லியூபிஷா ஆய்வக வாசலில் காத்திருந்தார். பெட்டியில் ஆறு பாட்டில்கள்.

"ஊர்ல அம்பது அம்பதுன்னு பீத்திக்கறவன் சரக்கு பூரா இதுல இருக்கு. அளந்து சொல்லுங்க டீச்சரம்மா."

வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு டோப்ரிலா அளந்தார். ஒன்றுகூட நாற்பதைத் தொடவில்லை. பக்கத்து வீட்டு ஸ்வெடோஸாருடையது முப்பத்தாறு. அதை மட்டும் லியூபிஷா இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

மாதக் கடைசியில் குழு கூடியது. ஸ்வெடோஸாரும் உறுப்பினர், மானியே தப்பு, ஆய்வகத்தை மூடுங்கள் என்றார். உடனே லியூபிஷா எழுந்து, விஞ்ஞானத்தை இழிவாகப் பேசுவதைத் தான் இருக்கும் வரை அனுமதிக்க முடியாது என்றார். நாலுக்கு மூன்று ஓட்டில் ஆய்வகம் தப்பியது.

டேபிள் டென்னிஸ் மேஜை சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனது. எட்டாம் வகுப்புக்கு வரும் வியாழன் அமிலமும் காரமும்.