பேர் சொல்லக் கூடாதவள்

ஏற்காட்டில் எங்கள் எஸ்டேட் கூலிக்காரர் லைன் வீடுகளில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர்களின் பேரை யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் அந்த ஆவி திரும்பி வந்து அதே வீட்டில் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுமாம். அதனால் பக்கத்து வீட்டு மூத்த பெண் அப்படிச் செத்தபோது ஒப்பாரிகூட இல்லை. வெள்ளைக்காரத் துரையிடமிருந்து வந்த ஒரே சொல், காப்பிப் பழம் எடுப்பு நிற்கக் கூடாது என்பதுதான். மறுநாள் காலையில் அவள் அம்மாவும் தங்கையும் கூடையோடு காப்பித் தோட்டத்துக்குள் இறங்கினார்கள்.

அவளைத் தாய்மாமனுக்குப் பேசியிருந்தார்கள். அவனுக்குக் கிட்டத்தட்ட அவள் அப்பன் வயது. வேண்டாம் என்று அழுதாள், அடி வாங்கினாள், கடைசியில் இப்படிப் போய்ச் சேர்ந்தாள். அவள் குழி ஈரம் காய்வதற்குள், கொடுத்த வாக்கு கொடுத்ததுதான் என்று அதே மாமனுக்குத் தங்கையைப் பேசி முடித்தான் அப்பன். அந்தக் குழந்தைக்குப் பதினான்கோ பதினைந்தோ இருக்கும். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறெரிகிறது.

சின்னவள் அழவில்லை. மத்தியானக் களியைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொடுத்தாள். ஆசையாக வளர்த்த கோழியைக் கொடுத்தாள். "அக்கா போன பொறவு நொம்ப குணமாயிட்டா" என்று லைனே மெச்சியது. ஒருநாள் பழம் எடுக்கும்போது தன் கண்ணாடி வளையல்களைக் கழற்றி என் கையில் போட வந்தாள். நான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

அப்போது நான் கல்யாணமாகி அந்த லைனுக்கு வந்த புதிது. ஆனாலும் எனக்கு வாய் அடங்காது. அன்று சாயங்காலம் அவளை என் வீட்டுக்குள் இழுத்து வந்து உட்காரவைத்தேன். செத்தவளின் பேரைச் சொன்னேன். "அவ போன வழியில நீயும் போயிரலாம்னு இருக்கியா கண்ணு?" என்று கேட்டேவிட்டேன்.

"ஆமாங்க அண்ணி" என்றாள். "அக்காவும் இப்படித்தானுங்க, இதே வளையலக் கழட்டி எனக்குக் குடுத்தா. அவளையும் யாரும் கேக்கலீங்க." அப்புறம்தான் அழுதாள். என் மடி நனைந்துவிட்டது.

லைன் வீடுகளுக்கு நடுச்சுவர் பாதிதான். எல்லாம் அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது. அவள் அம்மா ஓடி வந்தாள். பேரைச் சொன்னதற்கு என்னை அறையப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ மகளைக் கட்டிக்கொண்டு மூத்தவளின் பேரைச் சொல்லி அலறினாள். பின்னாலேயே வந்து வாசலில் நின்ற புருஷனிடம், "ஏனுங்க, உங்க வாக்கு மண்ணாப் போவட்டும். இந்த ஊட்டுல இன்னொண்ணப் பறிகுடுக்க மாட்டனுங்க" என்றாள். அவன் வாசலை விட்டு இறங்கிப் போனான். கல்யாணப் பேச்சு அதோடு நின்றது.

பல வாரம் நாங்கள் சின்னவளைத் தனியே விடவில்லை. என்னோடு படுத்தாள், என் பக்கத்திலேயே பழம் எடுத்தாள். பேரைச் சொன்னவள் என்று லைனில் யாரும் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. குடிக்காவிட்டால் போகட்டும். அவள் பிழைத்தாள். மெல்ல மெல்லக் களியும் தின்றாள்.

அவள் அம்மாதான் தேறவே இல்லை. வேலைக்கு நடுவில் கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னிடம் வந்து நிற்பாள். "மூத்தவளையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே கண்ணு" என்பாள். அவள் இறக்கிவைத்த கூடையில் என் பழத்திலிருந்து இரண்டு கை அள்ளிப் போடுவேன்.