தட்டி எடுக்காத உப்பு

சுடலைமுத்து கண்டுபிடித்ததை என்னுடையது என்று சொல்லித்தான் நான் ஓவியன் என்று பெயர் வாங்கினேன். இந்த ஐப்பசி மழையில், கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் தோணிப் படம் கண்ணாடிக்குள்ளேயே வேர்த்து, ஒரு சொட்டு நீலத் தண்ணீர் சட்டத்தின் வழியே இறங்கியது. அதைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். உங்களிடமாவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும்.

எழுபதுகளில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு போர்டு எழுதும் கடையில் நானும் அவனும் ஒன்றாகத் தொழில் பழகினோம். நான் பட்டப்படிப்பு முடித்தவன். நேராக ஒரு கோடு இழுக்கவே ஆறு மாதம் ஆனது. அவன் விடியற்காலையில் அளத்தில் உப்பு வாரிவிட்டுப் பத்து மணிக்கு வருவான். பெயிண்டில் கலக்கும் டர்பன்டைன் வாடை எங்கே வந்தாலும், வெள்ளை பூத்த அவனுடைய கால்கள்தான் எனக்கு முதலில் தெரிகின்றன.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாட்டர் கலரில் கடல் வரைவேன். என் கடல் சிமெண்டுத் தரை போலவே இருக்கும்.

"என்னலே, தோணி ரோட்டுல போவுது?" என்பான்.

ஒருநாள் ஈரம் காயாத தாளில் அவனிடமிருந்து உப்பு விழுந்தது. மடியிலிருந்து உதிர்ந்ததா, வேண்டுமென்றே தூவினானா, நிச்சயமில்லை. பேட்டிகளில் மாற்றி மாற்றிச் சொன்னதில் உண்மையில் நடந்தது எனக்கே குழம்பிவிட்டது. நான் கத்தியது நினைவிருக்கிறது. "பொறுலே, காயட்டும்" என்று அவன் சொன்னதும் நினைவிருக்கிறது. காய்ந்தபோது ஒவ்வொரு உப்புக் கல்லும் தன்னைச் சுற்றியிருந்த நிறத்தை உறிஞ்சி, கடலெங்கும் நுரை பூத்திருந்தது.

கல்லுப்பா பொடியுப்பா, முழு ஈரத்திலா அரை ஈரத்திலா என்று பல வாரம் பார்த்துச் சொன்னவன் அவன்தான். "காஞ்சதும் தட்டி எடுத்துரணும். இல்லன்னா மழைக்கு அழும்" என்றான். நான் எடுக்கவில்லை. வெளிச்சத்தில் அது மினுங்குவது பிடித்திருந்தது. சென்னையில் நடந்த கண்காட்சியில் கேட்டவர்களிடம், "உப்பு எங்கள் ஊருடையது, யோசனை என்னுடையது" என்றேன். மழைக்காலத்தில் படம் கசிகிறது என்று பிறகு வந்தவர்களிடம் தாளைக் குறை சொன்னேன்.

இந்த வருடத் தொடக்கத்தில்தான், அந்த உத்தி சுடலைமுத்துவுடையது என்று ஒரு பத்திரிகைக்கு எழுதினேன். அச்சானதை அவன் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தான். "நல்லாத்தான் எழுதியிருக்க" என்றான். நிம்மதியாகத் திரும்பினேன்.

மழை வந்தது. என்னிடம் படம் வாங்கிய இரண்டு பேர், பத்திரிகையில் அவன் பெயரைப் படித்துவிட்டு, ஒழுகும் படங்களைத் தூக்கிக்கொண்டு அவன் வாசலுக்கே போய்ச் சத்தம் போட்டிருக்கிறார்கள். அவன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினான்.

"ஏலே, உப்பு தூவுனது நாந்தான். தட்டாம விட்டது யாரு? அத ஏன் எழுதல?"

மறந்தேனா, மறைத்தேனா? எத்தனை யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. அந்த உத்தியில் எனக்கென்று இருந்தது, உப்பைத் தட்டாமல் விட்ட அது ஒன்றுதான். அதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன். மறுபடி எழுதிய கடிதத்தைப் பத்திரிகை போடவில்லை. சுடலை இப்போது என்னோடு பேசுவதில்லை.

அந்தக் கடை இல்லை, அவன் உப்பு வாரிய அளமும் இல்லை. கூடத்துப் படத்தில் தோணியும் பாதி கரைந்துவிட்டது. கரையாத மையில் போட்ட என் கையெழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது.